ஆளியின் அரசி

வளர்பிறை, ஏளாம் நாள்
கடலடி அரண்மனை

கரையில் இருக்கும் மூத்தவருக்கு,

ஆளியின் அரசி சொல்ல, அரண்மனை எளுத்தர் தகட்டில் கீறியது.

இங்கே நலம். அங்கே எப்படி என்று கேட்க நேரமில்லை. அப்பா பூட்டி வைத்திருந்த முத்துப் பெட்டியின் மூடியில், உள்பக்கம், பளைய எளுத்தில் ஏதோ பொறித்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். ஒருமுறை இட்ட கட்டளையைத் திரும்பப் பெறும் வளி அதில் சொல்லியிருக்கிறதா? உடனே பதில் வர வேண்டும். இது வேண்டுகோள் இல்லை.

அவ்வளவுதான். இன்னும் என்னத்தக் கீறிக்கிட்டு இருக்கே? நான் பேசறத எல்லாம் எளுதாதே. எளுதாதேன்னா கேக்கமாட்டியா? தாதி, அத இங்க குடு. பாரேன், கண்ணத் திறந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. பசிச்சாலும் அளாது. எப்பப் பசிக்குதுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? அண்ணன் பதில் போடுவாருங்கிறே? போடமாட்டாரு. கோவக்காரரு. ஐயோ, இதையும் எளுதிட்டியா? நிறுத்து.

*

தேய்பிறை, இரண்டாம் நாள்
துறைமுகத் தெரு, அச்சகம்

ஆளியின் அரசி அவர்களுக்கு,

தங்கள் தகடு கிடைத்தது. மூச்சுக்காரி அதை என் மேசைமேல் தொப்பென்று போட்டாள். உனக்கும் எனக்கும் நடுவே தபால் சுமக்கும் அந்த முத்துக்குளிப்பவளை இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"என்னண்ணே, இந்தக் கனம் கனக்குது? தங்கச்சி கடுதாசியா, அடுப்பங்கரைத் தகரமா?" என்றாள்.

"அரசாங்கக் கடுதாசிம்மா. உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் கனம் இருக்கும்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தொழில் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை திருத்துகிறேன். கடலடி நாட்டின் மூத்த பிள்ளை, பழைய எழுத்து, புதிய எழுத்து எல்லாம் கற்றவன், கப்பல் கம்பெனியின் கட்டண அறிவிப்பில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் சிவப்பு மை. கயிற்றுக்கடை மாடியில் ஓர் அறை. சன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அதனால் திறப்பதில்லை.

கை பழகிவிட்டதால் உன் தகட்டையும் திருத்தினேன். ஆழி என்றால் கடல். ஆளி என்றால் யானையைக் கொல்லும் விலங்கு. நீ எதற்கு அரசி என்பதில் உன் எழுத்தருக்கே ஐயம் வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கும் உண்டு. பழைய என்பது பளைய, வழி என்பது வளி. உன் எழுத்தருக்கு ழகரம் எங்கே போயிற்று? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படித்தவர் யாரையாவது வைத்துக்கொள். ஒரு படித்தவர் இருந்தார், அவரைத்தான் நீ அனுப்பிவிட்டாயே.

எல்லாம் நினைவில் இருக்கிறது. "அவன் படிச்சவன், எதையாவது படிச்சுக்கிட்டுக் கெடப்பான். நாட்ட இவ பாத்துக்கட்டும்" என்று அப்பா சொன்னதும், நீ அதை மறுக்காமல் நின்றதும். என் மேசையிலிருந்த விளக்குமீன் ஜாடியை எடுத்துப்போய்ச் சபையில் வைத்துக்கொண்டதும். கடைசியாக அந்த நாள். அப்பா தன் ஆயுள் முழுவதும் வாயில் வைக்காத முத்தை நீ வைத்திருந்தாய். கன்னத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ சின்னவளாக இருந்தபோது கூழாங்கல், கிளிஞ்சல், அப்பாவின் சட்டைப் பொத்தான் என்று எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்வாய். அந்தப் பழக்கத்தில், "வாயில என்ன? துப்பு" என்றேன். சபை சிரித்தது. நீ "போ" என்றாய்.

ஒரே ஓர் எழுத்து. என் கால்கள் என்னைக் கேட்காமல் நடந்தன. வாசல், கடைவீதி, பாசித் தோட்டம், மேடு, மணல், கரை. இன்றைக்கும் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் அவை தாமாகத் திரும்பிவிடுகின்றன. பார்க்கிறவர்கள் எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று நினைக்கிறார்கள்.

மூடியில் இருப்பதைப் படித்திருக்கிறேன். சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

அண்ணன்

பின்குறிப்பு: எது அழாது?

*

தேய்பிறை, எட்டாம் நாள்
கடலடி அரண்மனை

மூத்தவருக்கு,

எளுத்தரைக் குறை சொல்ல வேண்டாம். சுவர் சரிந்த ஆண்டில் அவரிடம், என் வாயிலிருந்து வருவதை வந்தபடியே எளுது என்று ஆணையிட்டேன். அன்றைக்கு என் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. இன்று என் வாயிலிருந்து வருவது இப்படி. அவர் கை அப்படியே கீறுகிறது. இதுவரை யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. என் பேச்சில் யாரும் குற்றம் காணக் கூடாது என்றும் ஓர் ஆணை உண்டு. அது உங்களை அனுப்பிய பிறகு போட்டது. அதனால்தான் உங்களால் முடிகிறது.

நீங்கள் கணக்கு வைத்திருப்பது போல நானும் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த நாளுக்கு முதல் நாள், அரண்மனைக்கு மேலே இருந்த பவளச் சுவர் சரிந்தபோது, உங்கள் நூல்களில் தீர்வு தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் அந்த முத்தை வாயில் போட்டுக்கொண்டு "பிடிங்க" என்றேன். பிடித்தார்கள். ஊர் பிளைத்தது. அதற்கு நன்றி சொல்லாமல், சபை நடுவே என்னைக் குளந்தையாக்கிச் சிரிக்க வைத்தீர்கள். அப்போதுதான் முடிவு செய்தேன், இனி யாரும் சிரிக்கக் கூடாது என்று. சிரிப்பதில்லை.

எது அளாது என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். அவள் அப்பா நான் சொல்லாத ஒன்றும் செய்வதில்லை, அதனால் அவரைப் பற்றி எளுத எதுவுமில்லை. பிறந்த அன்று சபை காத்திருந்தது. அவள் நிறுத்தாமல் அளுதாள். நான் ஒரே ஒரு முறை அளாதே என்று சொன்னேன். அந்தச் சொல் அன்றைக்கு எனக்குச் சரியாக வந்தது.

அதன்பின் அவள் அளவில்லை. பசிக்கு இல்லை, வலிக்கு இல்லை. தாதி நினைத்தபோது பால் கொடுக்கிறாள், மறந்தால் இல்லை. மெலிந்து வருகிறாள். "கத்து" என்று சொல்லிப் பார்த்தேன். நான் போதும் என்னும்வரை கத்தினாள், கண்ணில் ஒன்றுமில்லாமல். திரும்பப் பெற அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்கிறேன். அளு, அளு, அளு. வெறுமனே பார்க்கிறாள்.

பல நாட்களாக விளித்தே இருக்கிறேன். மூடியில் இருப்பதைச் சொல்லுங்கள்.

முடிஞ்சுது. எளுதாதேன்னு சொல்றதில பிரயோசனம் இல்ல, நீ எளுதத்தான் போறே. எளுது போ. சின்ன வயசில அண்ணன் எனக்கு ஒரு பேரு வச்சிருந்தாரு. ஆளாக்கு. அளக்கிற சின்னப் படியாட்டம் இத்தனூண்டு இருப்பேனாம். அவரு தோள்மேல உக்காந்துதான் ஊரப் பாத்தேன். இப்ப இவளத் தூக்கிவச்சுக் காட்ட யாரு இருக்கா? நிறுத்து. நிறுத்துன்னேன்ல.

*

அமாவாசைக்கு மறுநாள்
துறைமுகத் தெரு

ஆழாக்குக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கினேன். முதலில் "பட்டால்தான் தெரியும்" என்று எழுதினேன். எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெலிந்துவருகிறாள் என்ற வரியை மறுபடி படித்துவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும் சொல். அதிலும் கடலடியில் கண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அழும் குரல் ஒன்றுதான் பிள்ளைக்குத் துணை. அதை எடுத்துவிட்டாய்.

மூடியில் இருப்பது இதுதான்: "இதை நாவில் வைத்தவர் சொல் தட்டப்படாது. சொல்லச் சொல்ல இது வளரும்." அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. உப்பு அரித்துவிட்டது. உன்னைப் பழிவாங்க மறைக்கிறேன் என்று நினைக்காதே, உண்மையிலேயே படிக்க முடியவில்லை.

மற்றதை நானே யோசித்தேன். பிழை திருத்துகிறவன் யோசிக்கிற மாதிரி. நீ எடுக்கும்போது அது பயறளவு இருந்தது. இப்போது எவ்வளவு? கோலிக்குண்டு இருக்குமா? நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே அதை அழுத்திப் பிடித்திருக்கிறாய். லகரம் வரும், ளகரம் வரும். இரண்டுக்கும் நாக்கு எதையாவது தொட்டால் போதும். ழகரம் அப்படியில்லை. நாக்கு நுனி மடிந்து பின்னால் போக வேண்டும், அண்ணத்துக்கு மிக அருகே போக வேண்டும், ஆனால் தொடக் கூடாது. உன்னால் அது ஆகாது. விட்டால் முத்து உருண்டுவிடுமே. அதனால்தான் ழகரம் உள்ள எந்த ஆணையும் உன் வாயில் இப்போது ஆணையாவதில்லை. எளுதாதே என்கிறாய், எழுத்தர் பாட்டுக்கு எழுதுகிறார். அளு என்கிறாய், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முத்து இருந்தால் அந்தச் சொல் வராது. அந்தச் சொல் வந்தால் முத்து இருக்காது. இதற்குமேல் எனக்குத் தெரியாது. முத்து வாயைவிட்டுப் போனால் பழைய ஆணைகள் எல்லாம் போகுமா, நிலைத்துவிடுமா? அந்த அரித்த வரியில் இருந்திருக்கலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவை போனால் என் காலும் விடுபடும். ஆகவே நான் துப்பு என்று சொன்னால் அதில் என் லாபமும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேள்.

உனக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தது நான்தான். நான் ஆழாக்கு என்று கூப்பிடுவேன். "நான் ஆளாக்கு இல்ல" என்று சண்டைக்கு வருவாய். என்னை ஆளாக்கு என்று கேட்பது போலவே இருக்கும். ஒருநாள் அலைமேட்டில் உட்காரவைத்து, "நாக்க மடி, பின்னால கொண்டுபோ, தொடாதே, தொடாம நில்லு" என்றேன். வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் கண்ட ளகரத்தை எல்லாம் ழகரமாக்கினாய். தோள் தோழாயிற்று, தேள் தேழாயிற்று. "தேழ் கொட்டிருச்சு" என்று நீ கத்தியபோது வலியைவிட அந்த எழுத்துதான் பெரிதாக இருந்தது.

கடைசியாக ஒன்று. சுவரைப் பிடிக்கச் சொன்னாயே, அவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று மூச்சுக்காரி சொல்கிறாள். அவர்கள் வீட்டார் வந்து ஊட்டிவிட்டுப் போகிறார்களாம். அவர்களிடம் "விடுங்கள்" என்று சொல்ல ழகரம் தேவையில்லை, ஆழாக்கு.

பல நாட்களாக விளித்தே இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். விழித்திருப்பது தூங்காமல் இருப்பது. விளிப்பது கூப்பிடுவது. சிவப்பு மையை எடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் திருத்த முடியவில்லை. இத்தனை நாளும் சன்னலை மூடியே வைத்திருந்தது என் தப்புக்கணக்கு. கூப்பிட்டிருக்கிறாய், கேட்கவில்லை.

இனி நாள்தோறும் காலையில் முழங்கால் தண்ணீரில் போய் நிற்பேன். உன் வாயில் என்ன இருக்கிறது என்பது என் காலுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன்

*

வளர்பிறை, ஐந்தாம் நாள்
கடலடி அரண்மனை

அண்ணனுக்கு,

சுவரடிக்குப் போனேன். நான் வருவதைக் கண்டதும் அவர்கள் கண்களைத் தாள்த்திக்கொண்டார்கள். கைகளில் பாசி படர்ந்திருந்தது. சுவர் விளுந்தால் என்ன செய்வது என்று இத்தனை ஆண்டும் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். "விடுங்க" என்றேன். விட்டார்கள். சுவர் அப்படியே நின்றது. எப்போதிருந்து தானாக நிற்கிறதோ தெரியவில்லை. ஒருவர் கையைக் கீளே இறக்க முடியாமல் இறக்கைபோல் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, ஆணை இருக்கிறது. சொல்லியிருந்தால் தேவலை.

கண்ணாடி முன்னால் நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். நாக்கை மடித்தால் முத்து முன்னால் நகர்கிறது. நகர்ந்த உடனே நெஞ்சு பதறுகிறது. பல்லைக் கடித்து நிறுத்திவிடுகிறேன். அந்தப் பதற்றம் என்னுடையதா அதனுடையதா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இத எளுது. நானே சொல்றேன், எளுது. இத எடுத்துட்டா யாருண்ணா என் பேச்சக் கேப்பாங்க? சும்மாவே நான் ஆளாக்கு. நான் சொல்லி யாரு எப்பக் கேட்டிருக்கா? அப்பா கேக்கல. நீங்க கேக்கல. சுவர் சரியுதுன்னு நான் வந்து சொன்னப்ப, இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வர்றேன்னீங்க. மொத மொதல்ல இது வாயில இருந்தப்பத்தான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இது போயிட்டா இவளும் என்னப் பாக்கமாட்டா. நிறுத்து.

*

வளர்பிறை, பதினோராம் நாள்
துறைமுகத் தெரு

ஆழாக்குக்கு,

இன்று காலையும் கால் திரும்பிவிட்டது. மூச்சுக்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, கடலுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றாள். "தங்கச்சியோட பேசிக்கிட்டு இருக்கேன். அது முடியட்டும்" என்றேன்.

யார் கேட்பார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. பலர் கேட்கமாட்டார்கள். சிலர் வாசலில் நின்று ஏசுவார்கள், நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று. உன் தகடுகளை எழுத்தெழுத்தாக, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறேன். இந்த அச்சகத்தில் வேறெதையும் நான் அப்படிப் படித்ததில்லை. அதற்கு நீ எனக்கு ஆணையிடவில்லை.

சபையில் துப்பு என்றேன். அது ஆணை. இப்போது ஆணையில்லை. முதல் சொல்லாக அழு என்பதைச் சொல்லிப் பார். நாக்கை மடி. பின்னால் கொண்டுபோ. தொடாதே. அருகே நில். அவ்வளவுதான்.

சன்னல் திறந்திருக்கிறது.

அண்ணன்

*

பௌர்ணமிக்கு மறுநாள்
வீடு

அண்ணா,

இது என் கை. எழுத்தர் போய்விட்டார். தகட்டைக் கீறிக் கீறி விரல் வலிக்கிறது. அவருக்கு எத்தனை ஆண்டு வலித்திருக்கும்.

நேற்றுக் காலையில் பிழ்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன். அதுதான் அந்த வாயால் நான் போட்ட கடைசி ஆணை. நீங்கள் சொன்னபடி நாக்கை மடித்தேன். முத்து பல்லுக்கு வந்தது. நெஞ்சு பதறியது. பல்லைக் கடிக்கப் போனேன். அவழ் கையை நீட்டி என் உதட்டைப் பிடித்தாழ். வாயில் என்ன என்று பார்க்கிற மாதிரி. நீங்கள் விரலை விட்டுத் துழாவுவீர்களே, அது மாதிரியே. நான் சொல்லிவிட்டேன்.

அழு.

முத்து தரையில் விழுந்து உருண்டது. அவழ் அதைப் பார்த்தாழ், என்னைப் பார்த்தாழ். அழவில்லை. எல்லாம் போய்விட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. எத்தனை காலமோ ஆயிற்று, வாயை மூடியே இருந்தவழ் அல்லவா. கோரமாக அழுதேன். அவழ் உதடு பிதுங்கியது. கீழ் உதடு முதலில். பிறகு, அண்ணா, அவழ் அழுதாழ். ஆணைக்கு அழவில்லை. அம்மா அழுகிறாழே என்று அழுதாழ். கரைவரை கேட்டிருக்கும்.

வெழியே காவலர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பிறகு ஆணை விட்டுப்போனது தெரிந்து, தோழைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போனார். அவழ் அப்பா வந்தார். வெகுநாட்களாகச் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொன்னார். நான் கேட்டேன். சுவரடியில் நின்றவரின் மனைவியும் வந்தாழ். திட்ட ஆரம்பித்தவழ், பிழ்ளை அழும் சத்தம் கேட்டு நடுவில் நிறுத்தி, "மொதல்ல பால குடும்மா. அப்புறம் திட்டறேன்" என்றாழ். பால் குடித்தாழ். அவழ் சொன்னபடியே திட்டினாழ். எழுத்தர் மட்டும் போகும்போது திரும்பி நின்று, "எளுதாதேன்னு நீங்க சொன்னப்பல்லாம் எனக்கும் நிறுத்தணும்னுதாம்மா இருந்துச்சு. கை கேக்கல" என்றார்.

அரசி என்று இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. சபை கூடி யார் ஆழ்வது என்று பேசுகிறது. நான் போகவில்லை. முத்தைத் துணியால் எடுத்து, அது இருந்த பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அதைத் தொட எனக்குப் பயம். நீங்கள் வந்தால் என்ன செய்வது என்று சொல்வீர்கள். விழக்குமீன் ஜாடியைத் துடைத்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். மேசை அப்படியே இருக்கிறது.

உங்கள் கால் விடுபட்டதா? எனக்குத் தெரியவில்லை. வாருங்கள் என்று சொன்னால் ஆணை போல இருக்குமோ என்று யோசித்து யோசித்து எழுதாமல் விடுகிறேன்.

எது ழ, எது ள என்று குழம்புகிறது. பிழைகழ் இருக்கும். திருத்திக்கொழ்ளுங்கழ்.

ஆழாக்கு

*

தேய்பிறை, இரண்டாம் நாள்
கரை

ஆழாக்குக்கு,

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எழுதுகிறேன். தாளைப் பிடித்திருக்கும் மூச்சுக்காரி, "இடுப்பு வரைக்கும் வந்தாச்சுண்ணே, இன்னும் என்ன எழுத்து?" என்கிறாள். பார்த்தேன், இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

உன் கடிதத்தில் பிழைகள் நிறைய. ஒன்றையும் தொடவில்லை.

அண்ணன்